ஆயிரம் ரூபாயில் யாரும் சோம்பேறியாவதில்லை

கல்லூரியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு பணம் தருவதைப் பற்றிப் பேச்சு எழுந்தால், தமிழ்நாட்டில் படித்தவர்கள் கூடும் இடங்களில் ஒரே பதில்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. சும்மா காசு கொடுத்தால் பிள்ளைகள் சோம்பேறிகளாவார்கள். பணத்துக்காகப் பெயரைப் பதிந்துவிட்டு வகுப்புக்கு வரமாட்டார்கள். எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தும் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள், ஆகவே குறை பணத்தில் இல்லை, அவர்களிடம்தான் இருக்கிறது. பொருளாதாரம் தெரிந்தவர்களின் முடிவுபோல இது சொல்லப்படுகிறது. உண்மையில் கணக்கே போட்டுப் பார்க்காமல் எட்டப்பட்ட முடிவு இது. போட்டுப் பார்த்தால் ஒரு வரிகூட நிற்காது.

2022 ஜூலை 16 அன்று புந்தேல்கண்ட் விரைவுச்சாலையைத் திறந்துவைத்துப் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, தேர்தல் இலவசங்களை 'ரேவடி' என்ற மிட்டாயோடு சேர்த்துப் பேசினார். கல்வி உதவித்தொகையை அவர் குறிப்பிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், தொலைக்காட்சிப் பெட்டி, கல்லூரிப் பிள்ளையின் உதவித்தொகை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'இலவசக் கலாச்சாரம்' என்று பெயர் எழுதும் வழக்கம் நாடெங்கும் பரவிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கப்பட்டபோதும், 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கப்பட்டபோதும், அந்த மூட்டைக்குள்தான் அவை போடப்பட்டன. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் கல்லூரியிலோ ஐடிஐயிலோ சேர்ந்தால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் என்பதுதான் இரண்டின் சாரமும்.

இந்தக் குற்றச்சாட்டுகளை உரசிப் பார்க்கக் கொல்லிமலையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு.

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் மலை அது. சுமார் 40,000 பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகள் 7,94,697 பேர். அவர்களில் மிகப் பெரிய பிரிவு மலையாளிகள்தான், ஏறத்தாழ 3.58 லட்சம். மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதத்தைத் தாண்டியிருந்த அந்த ஆண்டில் பழங்குடியினரின் எழுத்தறிவு 54 சதவீதம். கொல்லிமலையில் மரவள்ளி, மிளகு, காபி, அன்னாசி, பலா, வாழை விளைகின்றன. சாமையும் தினையும் விளைந்த காடுகள் பலவற்றை மரவள்ளி எடுத்துக்கொண்டது. கிழங்கு லாரியேறி ராசிபுரம், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அங்கே விலை விழுந்தால் மலையில் ஒரு குடும்பத்தின் ஓராண்டுத் திட்டமே கலைந்துவிடும்.

பள்ளிப் படிப்புக்கு மலையில் இடம் உண்டு. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, செங்கரையில் ஏகலைவா மாதிரிப் பள்ளி இருக்கிறது, தொழில் கற்க ஐடிஐ இருக்கிறது. பட்டப் படிப்பு என்றால் இறங்கித்தான் ஆக வேண்டும். சேந்தமங்கலம், ராசிபுரம், நாமக்கல். அதற்கும் அப்பால் சேலம், திருச்சி. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டுதான். ஆனால் மலைமேல் உள்ள செம்மேட்டிலிருந்து நாமக்கல் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. செம்மேட்டுக்கு வந்து சேரவே பல ஊர்க்காரர்கள் நடக்க வேண்டும். இந்தத் தூரத்தை நாள்தோறும் இருமுறை கடந்து ஒரு பிள்ளை பெரியார் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் படிக்க முடியாது. தங்கியே ஆக வேண்டும். தங்குவதற்குப் பணம் வேண்டும்.

இப்போது அந்த 1,000 ரூபாயை எடுத்துக்கொள்வோம். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். மாதம் முழுவதும் கல்லூரியில் இருப்பதற்கு அரசு தரும் தொகை மூன்று நாள் கூலிக்குக்கூடச் சில ரூபாய் குறைவு. காபி பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை நீள்கிறது. அதன் வாலைப் பிடித்தபடி சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிக்கு ஏணி வைக்கும் வேலை வந்துவிடும். கைகால் திடமான பதினெட்டு வயதுப் பிள்ளை அந்த மாதங்களில் வேலைக்குப் போனால் ஒரு வாரத்தில் ஈட்டுவது, அரசு ஒரு மாதத்துக்குத் தருவதைவிட அதிகம். சும்மா இருந்து சம்பாதிக்க நினைப்பவர் தேர்ந்தெடுக்கும் வழி கல்லூரியல்ல. கல்லூரிக்கு வருகிற மலைப் பிள்ளை ஒவ்வொருவரும் 1,000 ரூபாய்க்காக அதைப்போல ஏழெட்டு மடங்குக் கூலியை விட்டுவிட்டு வருகிறார். அந்த இழப்பைத் தாங்குவது அவருடைய பெற்றோர். சோம்பல் என்ற சொல்லை அந்தக் குடும்பத்தை நோக்கி வீசுவதற்கு எவருக்கும் உரிமை கிடையாது.

பெயரைப் பதிந்துவிட்டு வராமல் இருந்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் இந்தக் கணக்கே பதில். மூன்று நாள் கூலிக்காக எவரும் விண்ணப்பம் போட்டு, ஆதார் இணைத்து, சான்றிதழ் வாங்கி, கல்லூரியின் சரிபார்ப்பில் தேறி, மூன்று ஆண்டுகள் நாடகமாட மாட்டார்கள். கல்வி உதவித்தொகையில் பெரும் திருட்டு நடந்தது உண்மை. ஹிமாச்சலப் பிரதேசத்தில் 250 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடு நடந்ததாக 2019இல் சிபிஐ வழக்குப் பதிந்தது. அங்கே விசாரணை வளையத்துக்குள் வந்தவர்கள் யார்? மாணவர்களின் பெயரில் பணத்தை எடுத்துக்கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட தனியார் கல்வி நிறுவனங்களும், அதற்கு உடந்தையாக இருந்ததாகச் சொல்லப்பட்ட அலுவலர்களும் வங்கி ஊழியர்களும். பறிகொடுத்தவர்கள் மாணவர்கள். திருட்டைக் காரணம் காட்டி உதவியையே குறைக்கச் சொன்னால், பறிகொடுத்தவருக்கே மறுபடியும் தண்டனை கொடுத்ததாகும்.

கொல்லிமலை அடிவாரத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் தமிழ்நாடு முழுவதற்கும் தெரிந்த கல்விச் சந்தை. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகவும் மருத்துவ இடத்துக்காகவும் மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளை இங்கே உறைவிடப் பள்ளிகளில் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டுகிறார்கள். உணவு, படுக்கை, சலவை, சிறப்புப் பயிற்சி எல்லாவற்றுக்கும் அப்பாவின் பணம். இவ்வளவு வசதி கிடைத்ததால் அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று எந்தப் பேச்சாளரும் கவலைப்பட்டதில்லை. படிக்கிற பிள்ளைக்குச் சாப்பாட்டுக் கவலை இருக்கக் கூடாது என்பதுதான் அங்கே எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. அதே மலையின் மேல்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு மட்டும், பசியும் கவலையும் இருந்தால்தான் படிப்பு ஏறும் என்று விதி மாறுகிறது. இதற்கு எந்த நியாயமும் இல்லை.

அரசின் பணம் கீழ்த்தட்டுக்கு மட்டும்தான் போகிறது என்ற எண்ணமும் தவறு. பழைய வருமான வரி முறையில் 80சி பிரிவின் கீழ் இரண்டு பிள்ளைகளின் பயிற்றுக் கட்டணத்தை 1.5 லட்சம் ரூபாய் வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத வரி கட்டும் ஒருவர் அந்த வரம்பு முழுவதையும் கட்டணத்தைக் காட்டியே நிரப்பினால், கூடுதல் தீர்வையும் சேர்த்து 46,800 ரூபாய் வரி மிச்சம். புதுமைப் பெண் திட்டத்தின் ஆண்டுத் தொகையான 12,000 ரூபாயைப்போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு. மத்திய அரசு ஊழியரின் பிள்ளை பள்ளி விடுதியில் தங்கிப் படித்தால் 2024 ஜனவரி முதல் மாதம் 8,437 ரூபாய் 50 காசு விடுதி மானியம். அந்த ஊழியர்களுக்கு அது கிடைப்பதில் பிழையில்லை. பிள்ளை வீட்டைவிட்டு வெளியே தங்கிப் படித்தால் எவ்வளவு செலவாகும் என்று அரசுக்கே தெரியும் என்பதற்கு அது சான்று. அதே மத்திய அரசு, பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் பழங்குடி மாணவருக்கு மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டத்தில் 2010இல் வகுத்த பராமரிப்புப் படி எவ்வளவு தெரியுமா? விடுதியில் தங்கினால் மாதம் 570 ரூபாய். வீட்டிலிருந்து வந்தால் 300.

மாதம் 300 ரூபாய். ஒரு நாள் கூலிக்கும் குறைவு.

'எல்லாமே இலவசம்' என்ற கூற்று இந்த இடத்தில் முழுதாக உடைகிறது. அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குப் பயிற்றுக் கட்டணம் இல்லை என்பது சரி. தமிழ்நாடு இதில் பல மாநிலங்களைவிட முன்னே போயிருக்கிறது என்பதும் சரி. 2012இல் வெளியான 92ஆம் எண் அரசாணை, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களையும் அரசே ஏற்கும் என்றது. ஆனால் கொல்லிமலைக் குடும்பத்தின் செலவுப் பட்டியலில் பயிற்றுக் கட்டணம் ஒரு சிறு வரிதான். விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் அறை வாடகை. கிடைத்தாலும் சோப்பு, நோட்டு, ரெக்கார்டு, தேர்வுக் கட்டணம், செல்போன் ரீசார்ஜ், திருவிழாவுக்கும் அறுவடைக்கும் மலையேறி இறங்கும் பஸ் காசு. அரசு விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுப் படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. நல்ல உயர்வு. அப்படியும் நாளொன்றுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. நாமக்கல் பஸ் நிலையத்தை ஒட்டிய ஓட்டலில் ஒரு வேளை அளவுச் சாப்பாட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை இதைப் படிப்பவர்கள் அறிவார்கள்.

இதற்கு முன்னால் சான்றிதழ் என்ற படி ஒன்று இருக்கிறது. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோருக்குச் சாதிச் சான்றிதழ் தாசில்தார் அலுவலக மட்டத்திலேயே முடிந்துவிடும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு மட்டும் 1989 நவம்பர் முதல் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) கையெழுத்திட வேண்டும். போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த ஏற்பாடு அது, நோக்கத்தில் குறையில்லை. விளைவு என்னவென்றால், மலையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் பிறந்த பிள்ளை, தான் யார் என்பதை நாமக்கல்லில் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு நிரூபிக்கக் காத்திருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடலாம். விசாரணை இணையத்தில் நடப்பதில்லை.

ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைக்குப் போனால் இன்னும் கொடுமை. அங்கேயும் மலையாளிகள் வாழ்கிறார்கள். ஆனால் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று பழைய மாவட்டப் பெயர்கள் மட்டுமே உள்ளன. ஈரோடு அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கொல்லிமலைப் பிள்ளைக்கு உள்ள உரிமை, அதே இனத்துப் பர்கூர் பிள்ளைக்கு இல்லை. பல்லாண்டுகளாகக் கோரிக்கை வைக்கிறார்கள். 'எல்லாம் கொடுத்தாயிற்று' என்று சொல்பவர்களுக்கு இந்தப் பிள்ளைகள் இருப்பதே தெரியாது.

வருமான வரம்பையும் பார்த்துவிடலாம். பழங்குடி மாணவருக்கான மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. 2013இல் வந்த வரம்பு. அந்த ஆண்டு நூறு நாள் வேலையின் கூலி தமிழ்நாட்டில் 148 ரூபாய்; 2025-26இல் 336. தாயும் தந்தையும் ஆண்டின் 365 நாளும், ஞாயிறு, பொங்கல், காய்ச்சல் எதுவும் இல்லாமல், அந்தக் கூலிக்கு உழைப்பதாக வைத்துக்கொண்டால் வருமானம் 2,45,280 ரூபாய். ஓய்வே எடுக்காத இரண்டு கூலித் தொழிலாளர்கள் வரம்புக்குள் 4,720 ரூபாய் இடைவெளியில் நிற்கிறார்கள். இன்னும் ஏழெட்டு ரூபாய் கூலி உயர்ந்தால் காகிதத்தில் அவர்கள் ஏழைகள் அல்லர். அதே நாட்டில் 2019இல் வந்த பொருளாதாரத்தில் நலிந்தோர் இடஒதுக்கீட்டுக்கு வரம்பு 8 லட்சம். ஏழை யார் என்பதற்கு ஒரே அரசிடம் இரண்டு அளவுகோல்கள். பழங்குடிக் குடும்பத்துக்குச் சிறியது.

ஆனால் தொகையைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. பணம் எப்போது வரும், வருமா வராதா என்ற நிச்சயமின்மை. மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகை ஆதிதிராவிட மாணவர்களுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்று தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் ஆய்வு செய்து மத்திய தணிக்கைத் துறை 2018இல் கொடுத்த அறிக்கை, தாமதத்தை ஒரு முக்கியக் குறையாகக் காட்டியது. கல்லூரி ஜூன், ஜூலையில் திறக்கிறது. உதவித்தொகை கல்வியாண்டு முடியும் தறுவாயில் வந்தால், இடையில் அந்தக் குடும்பம் மிளகு வியாபாரியிடமோ மகளிர் குழுவிலோ கடன் வாங்கியிருக்கும். இல்லாவிட்டால் பிள்ளை ஊருக்குத் திரும்பியிருக்கும்.

நிச்சயமின்மையின் விலை என்ன என்பதை 2020 நவம்பரில் தமிழ்நாடே பார்த்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டு அது. நீட் தேர்வில் தேறி, கலந்தாய்வுக்கு வந்து, தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர், கட்டணம் கட்ட வழியில்லாமல் அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சில நாள்களில், கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. இடத்தைத் துறந்தவர்கள் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியிருந்தது. அவர்களிடம் திறமை இல்லையா? நாட்டின் மிகக் கடினமான நுழைவுத் தேர்வுகளில் ஒன்றை அரசுப் பள்ளியிலிருந்து வந்து வென்றவர்கள். உழைப்பு இல்லையா? அரசின் உறுதிமொழி சில நாள் முன்பே வந்திருந்தால் அந்தக் கண்ணீர் இருந்திருக்காது. 2021இல் இந்த ஒதுக்கீடு பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கு விரிந்தபோது, பயிற்றுக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு என்று தொடக்கத்திலேயே சொல்லப்பட்டது. அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்ட அரசு அப்படித்தான் செய்யும்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு, 'நீங்கள் இங்கே இடம் பெற்றால் நான்கு ஆண்டுகளுக்கும் கல்விக் கட்டணம் இல்லை, உறுதி' என்று பள்ளி இறுதியாண்டிலேயே கடிதம் போனது. கடிதம் வராதவர்களும் பெரும்பாலும் அதே சலுகைக்கு உரியவர்கள்தான். பல படிவங்கள் நிரப்பிய பிறகே அவர்களுக்கு அது தெரியவரும். கடிதம் பெற்றவர்களில் 68 சதவீதத்தினர் விண்ணப்பித்தார்கள், பெறாதவர்களில் 26 சதவீதத்தினர். சேர்ந்தவர்கள் 27 சதவீதம், மற்றவர்களில் 12. சூசன் டைனார்ஸ்கியும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய இந்த ஆய்வு, 'படிக்க விருப்பமுள்ளவர் எப்படியும் வந்துவிடுவார்' என்ற வாதத்துக்கு நேரடியான பதில். விருப்பம் இருந்தது. முன்கூட்டியே உறுதி கிடைத்ததும் அது விண்ணப்பமாக மாறியது.

நம் நாட்டிலேயே சான்று வேண்டுமானால் பீகார் இருக்கிறது. 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் சிறுமிகளுக்கு மிதிவண்டி கொடுக்கத் தொடங்கினார்கள். அப்போதும் 'ஓட்டுக்காக' என்றுதான் சொன்னார்கள். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சிறுமிகளின் சேர்க்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். கொல்லிமலையின் சிக்கலும் தொலைவுதான். இங்கே மிதிவண்டி உதவாது, தங்கும் செலவுதான் உதவும்.

உதவித்தொகைக்குப் பதில் கல்விக்கடன் கொடுக்கலாமே, வாங்கியவருக்குப் பொறுப்பு வருமே என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இங்கிலாந்து அதைச் செய்து பார்த்தது. 2016இல் ஏழை மாணவர்களுக்கான பராமரிப்பு மானியத்தை நிறுத்திக் கடனாக மாற்றியது. மிக ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிப்பை முடிக்கும்போது 57,000 பவுண்டு அளவுக்குக் கடனோடு வெளியே வருவார்கள், வசதியுள்ளவர்களைவிட அதிகமாக, என்று அங்குள்ள நிதி ஆய்வு நிறுவனம் 2017இல் கணக்கிட்டது. 2025 செப்டம்பரில் அதே நாட்டின் அரசு, குறிப்பிட்ட படிப்புகளில் சேரும் ஏழை மாணவர்களுக்கு மானியத்தை மறுபடி கொண்டுவருவதாக அறிவித்துவிட்டது. மரவள்ளி விலையை நம்பி வாழும் தகப்பன், மகளின் பி.எஸ்சி. தாவரவியலுக்காக வட்டி ஏறும் கடனில் கையெழுத்திட மாட்டார். பொறுப்பில்லாமை என்று அதைச் சொல்ல முடியாது. கடன் வாங்கி நிலத்தை இழந்தவர்களைக் கண்ணால் பார்த்தவரின் நிதானம் அது. கல்லூரிக்குப் போகாமல் நின்றுவிட்டால், அந்த மகளுக்கு அடுத்த ஆண்டே மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு வீட்டில் தொடங்கிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். அதற்கு முன் அதே பெயரில் இருந்தது திருமண உதவித் திட்டம். பட்டதாரிப் பெண்ணுக்குத் திருமணத்தின்போது 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும். கல்யாணத்துக்குப் போன அரசின் பணம் கல்லூரிக்குத் திரும்பியிருக்கிறது. பெண் படித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும், அவள் பெயரில் உள்ள கணக்குக்கு, அவள் படிக்கிறாள் என்ற காரணத்துக்காகவே பணம் வருகிறது. தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் எடுக்கப்பட்ட நல்ல முடிவுகளில் இது ஒன்று. இதை மிட்டாய் என்று சொல்பவர்கள், வயதுக்கு வந்த மகளை மேற்கொண்டு படிக்கவைக்க ஒரு மலைக் கிராமத்துத் தாய் வீட்டில் என்னென்ன வாதாட வேண்டியிருக்கிறது என்று அறியாதவர்கள்.

சாதனையாளர்களைக் காட்டி வாயடைப்பது இன்னொரு முறை. 2024இல் கொல்லிமலைக்குப் பக்கத்திலுள்ள பச்சைமலையின் பழங்குடி மாணவி ஒருவர் ஜேஇஇ தேர்வில் தேறித் திருச்சி என்ஐடியில் இடம்பெற்றார். அதே ஆண்டு பிப்ரவரியில், ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்த மலையாளி பழங்குடிப் பெண் ஒருவர் சிவில் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி வந்தது. குழந்தை பிறந்த சில நாள்களில் பயணம் செய்து போய்த் தேர்வு எழுதியவர். 'திறமை இருந்தால் வந்துவிடுகிறார்கள் பாருங்கள்' என்று இந்தச் செய்திகளைப் பகிர்கிறார்கள். பச்சைமலை மாணவி படித்தது அரசு பழங்குடியினர் பள்ளியில். அவருடைய என்ஐடி கட்டணத்தை ஏற்றுக்கொண்டது தமிழ்நாடு அரசு. உதவி வேண்டாம் என்பதற்கு அவரைச் சாட்சியாக்குவது அவருக்கே செய்யும் அநீதி. பிரசவித்த உடம்போடு பயணம் செய்தால்தான் ஒரு பழங்குடிப் பெண் நீதிபதியாகலாம் என்ற நிலை பெருமைக்குரியதும் அல்ல.

பள்ளிக்கூடத்தைச் சரிசெய்துவிட்டுக் கல்லூரிக்கு வருவோம் என்பவர்களின் வாதத்தில் மட்டும் உண்மை இருக்கிறது. உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை உண்டு. பிளஸ் டூவில் அறிவியல் பாடப் பிரிவு எட்டாத ஊர்கள் உண்டு. அதைச் சரிசெய்யப் பணம் வேண்டும் என்பதற்காக, இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்த பிள்ளையின் பங்கில் கை வைக்க முடியாது. அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது இன்னொரு முறை வராது. 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4, நாட்டுப் பழங்குடியினரின் விகிதம் 21.2. தமிழ்நாடு இந்த உயரத்தை எட்டியது பள்ளிச் சோறு, பஸ் பாஸ், கட்டண விலக்கு, முதல் பட்டதாரிச் சலுகை என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் செலவழித்துத்தான். 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும், கஜானா தாங்காது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்தச் சோற்றைத் தின்று படித்தவர்கள்தாம் இன்று இந்த மாநிலத்தின் தொழிற்சாலைகளையும் மருத்துவமனைகளையும் நடத்துகிறார்கள்.

ஆகவே கேட்க வேண்டியவை வேறு. பிளஸ் டூ படிக்கும் ஒவ்வொரு பழங்குடி மாணவருக்கும், பொதுத் தேர்வுக்கு முன்பே, கல்லூரியில் சேர்ந்தால் என்னென்ன தொகை எந்த மாதம் வரும் என்று அரசின் கையெழுத்தோடு ஒரு கடிதம் பள்ளியிலேயே கொடுக்கப்பட வேண்டும். முதல் தவணை கல்லூரி திறக்கும் மாதத்தில் கணக்கில் இருக்க வேண்டும். ஆர்டிஓ விசாரணையைப் பத்தாம் வகுப்பிலேயே பள்ளிக்கு வந்து முடித்துவிட வேண்டும். 300 ரூபாயும் 570 ரூபாயும் இன்றைய விலைவாசிக்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டும், 2.5 லட்சம் வரம்பும் அதோடு சேர்ந்து உயர வேண்டும். முதல் மூன்றும் சென்னையில் முடிவாக வேண்டியவை, கடைசியானது தில்லியில். எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. சேந்தமங்கலம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. அதன் உறுப்பினரிடமும், நாமக்கல் நாடாளுமன்ற உறுப்பினரிடமும், அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் இவற்றைக் கேளுங்கள். கொல்லிமலையில் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதுகிறவர்கள் வரும் ஜூனில் மலையிறங்க வேண்டியிருக்கிறது.